வீட்டுப் பொருள் காப்பீடு: "குறைவாகக் காப்பீடு செய்திருக்கிறீர்கள்" என்று கிளைமை வெட்டினால் என்ன செய்வது?

தீயிலோ தண்ணீரிலோ திருட்டிலோ வீட்டுச் சாமான்கள் போய்விட்டன. கிளைம் போட்டீர்கள். நஷ்டத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்தார். கடைசியில் வந்த கடிதத்தில் நீங்கள் எதிர்பார்த்ததில் பாதித் தொகைதான் இருக்கிறது; காரணம், "பொருள்களின் முழு மதிப்புக்குக் காப்பீடு செய்யப்படவில்லை" என்று ஒரு வரி. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்; சில நாடுகளின் சட்டம் அதையும் மாற்றும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சட்டம் வரும் இடங்களில் எந்த நாடு என்று சொல்லியிருக்கிறேன்.

என் நஷ்டம் காப்பீட்டுத் தொகையைவிடக் குறைவுதானே? பிறகு ஏன் முழுசாகத் தர மறுக்கிறார்கள்?

பலருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். 10 லட்சத்துக்குக் காப்பீடு இருக்கிறது, 4 லட்சத்துக்குத்தான் பொருள் போயிருக்கிறது, அப்படியானால் 4 லட்சமும் வர வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல பாலிசிகளில் "சராசரி விதி" என்று ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் இருந்த பொருள்களின் மொத்த மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், பாதி மதிப்புக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள் என்று அந்த விதி கொள்கிறது. மீதிப் பாதிக்கு நீங்களே உங்களுக்குக் காப்பீட்டாளர். அதனால் எந்த நஷ்டம் வந்தாலும் பாதியை நீங்கள் சுமக்க வேண்டும். 4 லட்சத்துக்கு 2 லட்சம் வரும்.

சூத்திரமாகச் சொன்னால்: நஷ்டத்தைக் காப்பீட்டுத் தொகையால் பெருக்கி, பொருள்களின் மொத்த மதிப்பால் வகுக்க வேண்டும்.

இதில் மூன்று எண்கள் இருக்கின்றன. காப்பீட்டுத் தொகை பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது; அதில் வாதத்துக்கு இடமில்லை. நஷ்டத்தைப் பொருள் பொருளாகச் சரிபார்க்க முடியும். மூன்றாவதான மொத்த மதிப்புதான் பெரும்பாலும் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து மதிப்பிட்டது. கிளைமை வெட்டுவது அந்த வகுக்கும் எண்தான். பலர் அதை விட்டுவிட்டு, "இத்தனை வருடம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டினேனே" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அதற்குக் கிடைப்பது அனுதாபமாக ஒரு பதில் மட்டுமே.

அந்த விதி என் பாலிசியில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் முழு பாலிசி வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, தொகை எழுதிய ஒற்றைத் தாள் போதாது. உங்களிடம் இல்லை என்றால் நிறுவனத்திடம் கேளுங்கள். நீங்கள் வாங்கிய ஆண்டின் வாசகம் வேண்டும், இன்றைக்கு இணையதளத்தில் இருப்பது வேண்டாம். "பொது நிபந்தனைகள்", "கிளைம் தீர்வு" ஆகிய பகுதிகளில் ஆவரேஜ், ப்ரோ ரேட்டா, அண்டர் இன்ஷூரன்ஸ் போன்ற சொற்களைத் தேடுங்கள். "வித்தியாசத் தொகைக்கு நீங்களே காப்பீட்டாளராகக் கருதப்படுவீர்கள்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால் அதுதான் இந்த விதி.

இல்லவே இல்லை என்றால், நிறுவனம் எதன் அடிப்படையில் வெட்டியது என்று கேளுங்கள். பிரிவு எண் குறிப்பிடாமல் "விதிமுறைப்படி" என்று மட்டும் எழுதும் கடிதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். "முதல் நஷ்ட" அடிப்படையில் எழுதப்பட்ட காப்பீட்டில், குறிப்பாகத் திருட்டுக்கு எடுத்ததில், மொத்த மதிப்பில் ஒரு பகுதிக்கு மட்டுமே காப்பீடு என்று இரு தரப்பும் தெரிந்தே ஒப்புக்கொண்டிருப்பார்கள். அங்கே வெறும் வித்தியாசத்தைக் காட்டி வெட்ட முடியாது. படுக்கையறை எண்ணிக்கையை வைத்து ஒரு உச்சவரம்பைக் கொடுக்கும் பாலிசிகளும் உண்டு. அவற்றில் மதிப்பைச் சொல்லும் பொறுப்பே உங்களிடம் விடப்படவில்லை.

நான் இந்தியாவில் இருக்கிறேன். எனக்கு இந்த விதி பொருந்துமா?

உங்கள் பாலிசி "பாரத் கிரஹ ரக்ஷா" என்றால், பெரும்பாலும் பொருந்தாது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் பொதுப் பாலிசியில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ குறைக் காப்பீட்டு வெட்டையே எடுத்துவிட்டது. அறிவித்திருக்க வேண்டிய தொகையைவிடக் குறைவாக அறிவித்திருந்தாலும், விகிதம் போட்டு வெட்டாமல் காப்பீட்டுத் தொகை வரை தர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். சர்வேயர் பழைய பழக்கத்தில் விகிதம் போட்டிருந்தால், பாலிசியின் அந்தப் பகுதியை மேற்கோள் காட்டி எழுதினாலே பல நேரம் காரியம் முடிந்துவிடும்.

ஆனால் தொகையின் வரம்பு மறையாது. இந்தப் பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுக்கும்போது வீட்டுப் பொருள்களுக்குத் தானாகக் கிடைப்பது கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் விவரம் கொடுத்துக் கூட்டியிருக்க வேண்டும். நகை, ஓவியம் போன்ற விலையுயர்ந்த பொருள்களுக்குத் தனி விருப்பப் பாதுகாப்பு. பழைய வகைப் பாலிசி, அல்லது திருட்டுக்கென்று தனியாக எடுத்தது என்றால் சராசரி விதி இன்னும் இருக்கலாம். வாசகத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வீட்டுக் கடனோடு வங்கி சேர்த்து விற்ற பாலிசியில் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

பிரிட்டனில்?

அங்கே கணக்கே வேறு. தனிநபர் காப்பீட்டில் தகவல் அளிப்பது பற்றிய 2012ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஏப்ரல் 6 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் கடமை, கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான அளவு கவனம் எடுத்துக்கொள்வதுதான். கவனமாகச் சொன்னது பிறகு தவறு என்று தெரிந்தாலும், அதற்காக நிறுவனம் கை வைக்க முடியாது. கவனக்குறைவாகச் சொல்லியிருந்து, சரியான தகவல் தெரிந்திருந்தால் நிறுவனம் கூடுதல் பிரீமியம் வாங்கியிருக்கும் என்றால், வாங்கிய பிரீமியத்துக்கும் வாங்கியிருக்க வேண்டிய பிரீமியத்துக்கும் உள்ள விகிதத்தில் குறைக்கலாம். இந்த விஷயத்தில் சட்டம் தருவதைவிட உங்களை மோசமான நிலையில் வைக்கும் பாலிசி வாசகம் செல்லாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இந்த வித்தியாசம் சின்னதில்லை. காப்பீட்டுத் தொகை இருக்க வேண்டியதில் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பிரீமியமும் பாதியாக இருந்திருக்காது. நீங்கள் கட்டியது 200, சரியான தொகைக்கு 250 கேட்டிருப்பார்கள் என்றால் விகிதம் 80 சதவீதம். 50 சதவீதம் வெட்டு 20 சதவீதமாகக் குறைகிறது. ஆகவே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "சரியான தொகையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு பிரீமியம் வாங்கியிருப்பீர்கள்? ஆதாரம் காட்டுங்கள்."

விண்ணப்பத்தில் கேள்வி எப்படி இருந்தது என்பதையும் பாருங்கள். "உங்கள் பொருள்களின் மதிப்பு என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தால், பழைய பொருளின் இன்றைய மதிப்பைச் சொன்னது நியாயமான பதில். "எல்லாவற்றையும் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும்?" என்று தெளிவாகக் கேட்டிருந்தால் அந்த வாதம் நிற்காது.

ஆஸ்திரேலியாவில்?

1984ஆம் ஆண்டுக் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 44ஆவது பிரிவு உங்களுக்குத் துணை. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே சராசரி விதியின் தன்மையையும் விளைவையும் எழுத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தால்தான் நிறுவனம் அதைப் பயன்படுத்த முடியும். சொல்லியிருந்தாலும்கூட, குடியிருக்கும் வீட்டுக்கும் அதன் பொருள்களுக்கும் மதிப்பில் 80 சதவீதமாவது காப்பீடு இருந்தால் வெட்டு கிடையாது. அதற்கும் குறைந்தால் முழு மதிப்பால் வகுக்காமல் 80 சதவீதத்தால் வகுக்க வேண்டும். மதிப்பு 2 லட்சம், காப்பீடு 1,20,000, நஷ்டம் 40,000 என்றால், வகுக்கும் எண் 1,60,000. கிடைக்க வேண்டியது 30,000. சாதாரண விதிப்படி போட்டால் 24,000தான் வரும். அந்த 6,000 எங்கே போனது என்று கேட்க உங்களுக்குச் சட்டமே இடம் தருகிறது.

சர்வேயர் போட்ட மொத்த மதிப்பில் எங்கெங்கே தவறு இருக்கும்?

சண்டை உண்மையில் நடக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவதும் பெரியதும், அளவுகோல் மாறிப்போவது. பாலிசிகள் இரண்டு வகை. ஒன்று, பழையதற்குப் புதியது வாங்கித் தரும். மற்றொன்று, தேய்மானம் கழித்துத்தான் தரும். எந்த அளவுகோலில் நஷ்டத்தை அளக்கிறார்களோ அதே அளவுகோலில்தான் மொத்த மதிப்பையும் அளக்க வேண்டும். உதாரணமாக, உங்கள் பொருள்கள் எல்லாவற்றையும் இன்று புதிதாக வாங்க 20 லட்சம் ஆகும். தேய்மானம் கழித்தால் 12 லட்சம். காப்பீடு 10 லட்சம். பாலிசி தேய்மான வகை. நஷ்டத்தைத் தேய்மானம் கழித்து 3 லட்சம் என்று போடுகிறார் சர்வேயர், அது சரி. ஆனால் வகுக்கும் இடத்தில் 20 லட்சத்தை வைக்கிறார். விடை 1,50,000. முறையாக 12 லட்சத்தால் வகுத்தால் 2,50,000 வரும். ஒரே பொருளுக்கு மேலே பழைய விலை, கீழே புது விலை. இரண்டு பக்கமும் வெட்டு உங்களுக்கே. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவசரத்தில் நடப்பதுதான் அதிகம். ஆனால் நீங்கள் சுட்டிக்காட்டாமல் யாரும் திருத்த மாட்டார்கள். பாலிசி புதியதற்குப் புதியது தரும் வகை என்றால் இந்த வாதம் உங்களுக்கு உதவாது. அங்கே வகுக்கும் எண்ணும் புது விலைதான்.

இரண்டாவது, சேர்க்கக் கூடாததைச் சேர்ப்பது. எதற்கு நஷ்டஈடு தர மாட்டார்களோ, அதை மொத்த மதிப்பிலும் சேர்க்கக் கூடாது என்று வாதிடுங்கள். சுவரோடு பதித்த அலமாரி, சமையலறை மேடை, பொருத்திய விளக்குகள் எல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் கட்டடக் கணக்கு. அலுவலகம் கொடுத்த மடிக்கணினி உங்களுடையதே இல்லை. வாகனம், ரொக்கம், பத்திரங்கள் பல பாலிசிகளில் விலக்கு. தனித் தொகையோடு தனியாகக் காப்பீடு செய்த நகையைப் பொதுப் பொருள்களோடு சேர்த்துக் கூட்டினால் கணக்கு ஊதிப்போகும்.

மூன்றாவது, பிரிவுகளைக் குழப்புவது. பாலிசியில் மரச்சாமான்களுக்கு ஒரு தொகை, மின்சாதனங்களுக்கு ஒரு தொகை என்று பிரித்திருந்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத்தான் விகிதம் பார்க்க வேண்டும். மரச்சாமான்களுக்குக் குறைவாக எடுத்ததைக் காட்டி, சரியாக எடுத்த மின்சாதனக் கிளைமை வெட்ட முடியாது.

நான்காவது, பொருளையே பார்க்காமல் போட்ட எண். சதுர அடிக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு என்ற சராசரி விகிதத்தில் வந்த மதிப்பு, உங்கள் வீட்டின் மதிப்பு இல்லை. பட்டியல் கேளுங்கள். பட்டியலே இல்லை என்றால் அதையே எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

விலை எந்தத் தேதிக்கு என்பதையும் விடாதீர்கள். பெரும்பாலும் நஷ்டம் நடந்த நாளின் மதிப்பு என்றிருக்கும். சர்வேயர் மாதங்கள் கழித்து எடுத்த விலை வேறாக இருக்கலாம். மின்னணுப் பொருள்களில், அதே திறனுள்ள இன்றைய மாடல் நீங்கள் வாங்கிய விலையைவிடக் குறைவாகவே கிடைப்பது சகஜம். உங்கள் பழைய ரசீதை வைத்தே மொத்த மதிப்பை ஏற்றியிருந்தால் அதையும் கேள்வி கேட்கலாம்.

எல்லாமே எரிந்துவிட்டது. அப்போதும் பாதிதான் என்கிறார்கள். சரியா?

இல்லை. இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். 20 லட்சம் பெறுமான பொருள்கள் முழுவதும் போய், காப்பீடு 10 லட்சம் என்றால், நஷ்டம் 20 லட்சம். அதில் பாதி 10 லட்சம். அதாவது காப்பீட்டுத் தொகை முழுசாக வர வேண்டும். முழு நஷ்டத்தில் சராசரி விதி தானாகவே செயலிழந்துவிடுகிறது.

தவறு நடப்பது வரிசையில். நஷ்டத்தை முதலில் 10 லட்சம் என்ற வரம்புக்குள் அடக்கிவிட்டு, பிறகு அதைப் பாதியாக்கினால் 5 லட்சம் வரும். இது ஒரே குறைக்கு இரண்டு முறை தண்டனை. வாசகம் வேறுவிதமாகத் தெளிவாகச் சொன்னாலொழிய, விகிதத்தை உண்மையான நஷ்டத்தின் மேல் போட்டு, அதன் பிறகு வரம்பைப் பார்ப்பதே முறை. பெரும்பகுதி நஷ்டத்திலும் இதே கதைதான்: 16 லட்சம் போயிருந்தால் கிடைக்க வேண்டியது 8 லட்சம், தவறான வரிசையில் 5 லட்சம்.

ஒவ்வொரு கிளைமிலும் நானே ஏற்க வேண்டிய தொகையை (டிடக்டிபிள்) எப்போது கழிப்பார்கள்?

வாசகத்தைப் பொறுத்தது. நஷ்டம் 3 லட்சம், விகிதம் பாதி, நீங்கள் ஏற்பது 10,000 என்றால், முதலில் கழித்தால் 1,45,000. கடைசியில் கழித்தால் 1,40,000. தெளிவில்லாத இடத்தில் சந்தேகத்தின் பலன் வாசகத்தை எழுதாத தரப்புக்கு, அதாவது உங்களுக்கு.

சேதமாகாத பொருள்களையும் பட்டியலில் காட்டச் சொல்கிறார்கள். காட்டினால் எனக்கே எதிராகப் போகுமே?

போகும். மொத்த மதிப்பைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் மறைக்காதீர்கள். குறைக் காப்பீடு என்பது வெறும் கணக்குப் பிரச்சினை. பொருளை மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டால் அது மோசடிக் குற்றச்சாட்டாக மாறும், பாதி வந்துகொண்டிருந்த கிளைம் முழுசாகப் போய்விடும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டியலை அவர்கள் கையில் விடாமல் நீங்களே போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய ஆண்டு, நிலைமை, பாலிசியின் அளவுகோலுக்கு ஏற்ற விலை, அந்த விலை எங்கிருந்து வந்தது என்று நான்கு பத்திகள் போதும். கட்டடத்தோடு சேர்ந்தவை, பிறருடையவை, விலக்குப் பெற்றவை எல்லாவற்றையும் கீழே தனியாக எழுதி, "கணக்கில் சேராதவை" என்று தலைப்பிடுங்கள். ஒழுங்கான பட்டியல் ஒன்று மேசையில் இருக்கும்போது குத்துமதிப்பான எண்ணுக்கு மரியாதை இருக்காது.

ரசீது ஒன்றும் இல்லையே?

யாரிடம்தான் இருக்கிறது? வங்கி, கார்டு அறிக்கைகள், இணையக் கடைகளின் ஆர்டர் மின்னஞ்சல், உத்தரவாத அட்டை, செயலியில் பதிவு செய்த சாதனத்தின் வரிசை எண், வீடு மாறியபோது லாரிக்காரர் கொடுத்த சாமான் பட்டியல் எல்லாம் சான்றுதான். குடும்ப விழாப் படங்களின் பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள்; சோபாவும் தொலைக்காட்சியும் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

சேதமான சாமான்களைத் தூக்கிப் போடலாமா?

நிறுவனம் எழுத்தில் சொல்லும் வரை வேண்டாம். நாற்றமோ பூஞ்சையோ தாங்க முடியவில்லை என்றால், எல்லாப் பக்கமும் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஏஜென்ட் சொன்ன தொகைக்குத்தான் எடுத்தேன். அவர் மேல் போட முடியாதா?

முடியலாம். பாலிசி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் நகலையும், அப்போது நடந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் பேச்சுகளையும் எடுங்கள். தொகையை யார் நிரப்பினார்கள், உங்களிடம் மதிப்பைப் பற்றிக் கேட்டார்களா, சராசரி விதியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா என்பவைதான் கேள்விகள். நிறுவனத்தின் ஏஜென்ட் என்றால் புகாரை நிறுவனத்தின் மேலேயே வையுங்கள். தரகர் உங்களுக்காக வேலை செய்பவர் என்று கருதப்படுவதால், அவர் மேல் தனிப் புகார் போட வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், "அது அவர் பொறுப்பு" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே காலத்தைக் கடத்துவார்கள்.

"வேண்டுமென்றே மதிப்பைக் குறைத்துச் சொன்னீர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள்.

இது வேறு குற்றச்சாட்டு, இதற்கு வேறு பதில் வேண்டும். குறைக் காப்பீடு என்றால் தொகை குறையும். வேண்டுமென்றே பொய் சொன்னதாக நிரூபித்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். அதனால் நிறுவனம் எதைச் சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கச் சொல்லுங்கள்: சராசரி விதியா, தவறான தகவலா, மோசடியா? வேண்டுமென்றே என்றால் நிரூபிக்கும் சுமை அவர்களுடையது. நீங்கள் அந்தத் தொகைக்கு எப்படி வந்தீர்கள் என்பதை நேர்மையாக, சுருக்கமாக எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது வீண் செலவில்லை.

சர்வேயர் சொன்னதுதான் முடிவா? நானாக ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?

சர்வேயரை நியமிப்பதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் நிறுவனம். இந்தியாவில் சர்வேயரின் அறிக்கை முக்கியமான சான்று, ஆனால் அதுவே இறுதி வார்த்தை இல்லை என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது கையில் இல்லாமல் பதில் எழுதுவது இருட்டில் கம்பு சுற்றுவது.

சொந்தச் செலவில் மதிப்பீட்டாளரை வைக்கலாம். கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். நிறுவனம் ஏற்கெனவே தர ஒப்புக்கொண்ட தொகைக்கும் சேர்த்துச் சதவீதம் கேட்பார்கள். கூடுதலாக வாங்கித் தரும் பகுதிக்கு மட்டும் என்று பேசுங்கள். சின்னக் கிளைம் என்றால் நகை, ஓவியம் போன்ற ஒன்றிரண்டு பொருளுக்கு மட்டும் மதிப்பீட்டுச் சான்று வாங்கினால் போதும்.

"முழு, இறுதித் தீர்வு" என்று கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்கிறார்கள்.

அவசரப்பட்டுப் போடாதீர்கள். தகராறில்லாத தொகையை உடனே தரும்படியும், மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் அதைப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதுங்கள். கையெழுத்து தவிர்க்க முடியாதது என்றால், "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று கைப்பட எழுதி, அன்றே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றாலும் இந்தியாவில் கதவு முழுக்க மூடவில்லை. யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், ரசீதில் கையெழுத்திட்டதாலேயே நுகர்வோரின் உரிமை போய்விடாது என்றது. ஆனால் மோசடி, தவறான தகவல், நெருக்குதல் போன்ற ஒன்றால் கையெழுத்து வாங்கப்பட்டது என்று நீங்கள் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட கையோடு எழுதிய ஆட்சேபக் கடிதம் அங்கேதான் உதவும்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

குட்டையாக. இப்படி ஆரம்பிக்கலாம்:

"மேற்கண்ட கிளைமில் குறைக் காப்பீட்டைக் காரணம் காட்டித் தொகையைக் குறைத்திருப்பதை நான் ஏற்கவில்லை. இதை முறையான புகாராகப் பதிவு செய்யவும். எந்தப் பிரிவின் கீழ் குறைத்தீர்கள் என்பதையும், பொருள்களின் மொத்த மதிப்பைப் பொருள் வாரியாக எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும், அது புது விலையா தேய்மானம் கழித்த விலையா, எந்தத் தேதிக்கான விலை என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். சர்வேயர் அறிக்கை, முன்மொழிவுப் படிவம் இரண்டின் நகலையும் அனுப்பவும். என் பொருள் பட்டியலை இணைத்துள்ளேன். அதன்படி வர வேண்டிய தொகை இவ்வளவு. தகராறில்லாத தொகையை என் உரிமைகளுக்குப் பங்கமில்லாமல் உடனே வழங்கவும்."

"முறையான புகார்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் காலக்கெடு ஓட ஆரம்பிப்பது அங்கிருந்துதான். போனில் பேசினால், பேசி முடித்ததும் "இன்று நீங்கள் சொன்னது" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

நிறுவனம் அசையவில்லை. அடுத்து எங்கே போவது?

இந்தியாவில், நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் கிடையாது. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். திருப்தி இல்லை என்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அதே விஷயம் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். அதனால் வரிசை முக்கியம். நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு கெடு; குறைதீர்ப்பாளரிடம் காத்திருக்கும்போது அதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்தில் பதிவு செய்வது நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும், ஆனால் அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

பிரிட்டனில் பதில் சொல்ல நிறுவனத்துக்கு 8 வாரம். இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மன் சர்வீஸ் என்ற குறைதீர்ப்பு அமைப்புக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் நிறுவனத்துக்கு 30 நாள், பிறகு ஆஃப்கா என்ற நிதிப் புகார் ஆணையம். இரண்டும் இலவசம், முடிவை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். சிங்கப்பூரில் ஃபிட்ரெக் என்ற நிதித் தகராறு தீர்வு மையம், மலேசியாவில் 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பு, இலங்கையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அமெரிக்காவில் அந்தந்த மாநிலத்தின் காப்பீட்டுத் துறை என்று ஆங்காங்கே வழி உண்டு.

உண்மையைச் சொன்னால், நான் குறைவாகத்தான் எடுத்திருந்தேன். போராடிப் பயன் உண்டா?

உண்டு. வெட்டு நியாயமா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வெட்டு என்பது இன்னொரு கேள்வி. காப்பீடு 10 லட்சம், சர்வேயர் போட்ட மதிப்பு 20 லட்சம் என்றால் விகிதம் 50 சதவீதம். சுவர் அலமாரியும் தனியாகக் காப்பீடு செய்த நகையும் கழிந்து மதிப்பு 15 லட்சமானால் விகிதம் 67 சதவீதத்தை நெருங்குகிறது. 6 லட்ச நஷ்டத்தில் இதுவே ஒரு லட்சம் வித்தியாசம். முழுத் தொகை கேட்டு ஒற்றைக் காலில் நிற்பதைவிட, 15 லட்சம்தான் சரி என்று ஆதாரத்தோடு காட்டுபவருக்குக் குறைதீர்ப்பாளரிடம் மதிப்பு அதிகம்.

தகராறு ஓடிக்கொண்டிருக்கும்போது பாலிசி புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது. தொகையைக் கூட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

ஆகாது. புதுப்பிக்கும் நாளில் வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் அந்தத் தொகைக்கு அடிப்படை. போன பொருள்களுக்குப் பதில் புதிது வாங்கியிருப்பீர்கள், விலையும் ஏறியிருக்கும். தயக்கம் இருந்தால், "நடப்புக் கிளைமில் என் நிலைப்பாட்டைப் பாதிக்காமல்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். ஆனால் முந்தைய கிளைம் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தகராறில் இருப்பதும் கிளைம்தான்.